வைரக் குழியருகே ஓர் ஓடுபாதை: அல்ரோசா விமான நிறுவனம் வந்த வழி

2020 அக்டோபர் 28 அன்று கிழக்குச் சைபீரியாவின் மிர்னி நகரிலிருந்து 140 பயணிகளுடன் புறப்பட்ட ஒரு டியு-154 விமானம் நோவசிபீர்ஸ்க் நகரில் தரையிறங்கியது. ரஷ்யாவில் அந்த ரக விமானம் கட்டணப் பயணிகளை ஏற்றிச் சென்ற கடைசிப் பயணம் அதுதான். 1972இல் அரசு விமான நிறுவனமான ஏரோஃப்ளாட்டின் சேவையில் சேர்ந்து, ஆயிரத்துக்கு மேல் உற்பத்தியாகி, சோவியத் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் மக்களைச் சுமந்த விமானம் அது. ஏரோஃப்ளாட்டே 2009 முடிவில் அதைக் கைகழுவிவிட்டது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக விட்டுவிட, கடைசிவரை அதைப் பறக்கவைத்தது மாஸ்கோவிலோ பீட்டர்ஸ்பர்க்கிலோ இருந்த பெரிய நிறுவனம் எதுவுமல்ல. வைரம் தோண்டும் ஒரு சிறு நகரத்தின் விமான நிறுவனமான அல்ரோசா. இதைப் பழைமைமேல் கொண்ட பற்று என்றோ, புதிய விமானம் வாங்க வக்கில்லாத நிலை என்றோ கடந்துவிட முடியாது. மிர்னி என்ற ஊர் எதற்காக அந்த இடத்தில் இருக்கிறது, அங்கே போய்வர என்ன வழி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இந்த நிறுவனத்தின் கணக்குப் புரியும்.

மிர்னி, சாகா குடியரசின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. யாகூத்தியா என்ற பழைய பெயரால் அதிகம் அறியப்பட்ட இக்குடியரசு 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புடையது. உலகில் ஒரு நாட்டின் உட்பிரிவாக உள்ள நிலப்பகுதிகளில் இதுவே மிகப் பெரியது. மக்கள்தொகையோ ஏறத்தாழ 10 லட்சம்தான். மிர்னியிலிருந்து மாஸ்கோ 4,000 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையே 6 மணி நேர வேறுபாடு. ரயில் பாதை கிடையாது. தெற்கே 200 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் லேனா ஆற்றங்கரையில் லென்ஸ்க் என்ற துறைமுக ஊர் இருக்கிறது. கோடையில் ஆறு திறந்திருக்கும் சில மாதங்களில் படகுகள் அங்கே கொண்டுவந்து குவிக்கும் எரிபொருளும் இயந்திரங்களும் சிமென்ட்டும் லாரிகளில் மிர்னிக்கு ஏறும். சரக்குக்கு இந்த வழி போதும். ஆனால் மகப்பேற்றுக்கு முன் சிக்கல் கண்ட பெண்ணுக்கும், ஒரு மாத வேலை முடிந்து ஊர் திரும்பும் சுரங்கத் தொழிலாளிக்கும், கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைக்கும் ஆறு உருகும்வரை காத்திருக்க நேரமில்லை.

அந்த லென்ஸ்க்கும் நம்பிக்கையான வாசல் அல்ல. 2001 மே மாதத்தில் லேனா ஆற்றில் உடைந்து வந்த பனிக்கட்டிகள் ஓரிடத்தில் அணைபோல் அடைத்துக்கொள்ள, ஊரே வெள்ளத்தில் மூழ்கியது. அடைப்பை உடைக்கப் போர் விமானங்களிலிருந்து குண்டு வீசினார்கள். ஊரின் பெரும்பகுதியைப் பிறகு புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. நகரத்தின் சரக்கு வாசல் ஒரு வசந்தகாலத்தில் இப்படிக் காணாமல் போகக்கூடும் என்றால், வான்வழியை இலாப நட்டக் கணக்கில் மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இவ்வளவு தொல்லையான இடத்தில் ஊர் எழுந்ததற்கு 1955 ஜூன் 13இல் நடந்த ஒரு கண்டுபிடிப்பே காரணம். முந்தைய ஆண்டு லரீசா பப்புகாயெவா என்ற புவியியலாளர் வடக்கே சர்னீத்சா என்ற முதல் கிம்பர்லைட் பாறைக் குழாயைக் கண்டறிந்திருந்தார். வைரத்தைப் பூமியின் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்து சேர்ப்பவை இத்தகைய எரிமலைக் குழாய்கள்தாம். அவர் கண்ட தடயத்தைப் பின்பற்றித் தேடியவர்களில் யூரி ஹபார்தின், யெக்கத்தெரீனா யெலாகினா, விக்தர் அவ்தேயென்கோ ஆகியோரின் குழு 'மிர்' குழாயைக் கண்டது. கண்டதைத் தலைமையகத்துக்கு வெளிப்படையாகத் தந்தியில் சொல்ல முடியாத காலம். 'சமாதானப் புகைக்குழாயைப் பற்றவைத்துவிட்டோம், புகையிலை அருமை' என்று அனுப்பினார்கள். ரஷ்ய மொழியில் 'மிர்' என்றால் சமாதானம். பாறைக் குழாய்க்கும் புகைக்கும் குழாய்க்கும் ஒரே சொல். புகையிலை என்றது வைரத்தை. சமாதானம் என்ற அந்தச் சொல்லே பின்னர் ஊரின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. 1957இல் யாகுத்தல்மாஸ் என்ற அரசு வைர நிறுவனம் உருவாயிற்று. 1959இல் மிர்னி நகர அந்தஸ்து பெற்றது.

முதலில் கூடாரங்கள், பின் மரவீடுகள், பின் ஆண்டு முழுதும் உருகாத உறைநிலத்தில் ஊன்றிய தூண்களின் மேல் நிற்கும் அடுக்குமாடிகள் என்று ஊர் வளர்ந்த வரிசையிலேயே விமானங்களும் வளர்ந்தன. புவியியலாளர்களைக் காட்டில் இறக்கிவிட அன்-2 போன்ற இரட்டைச் சிறகுச் சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் போதுமானவையாக இருந்தன. சோவியத் ஆட்சியில் நாடு முழுமைக்கும் ஒரே விமான அமைப்புதான், ஏரோஃப்ளாட். மிர்னியில் இயங்கியது அதன் உள்ளூர்ப் பிரிவு. நகரம் பெருக, ஓடுபாதையும் பெரிதாகி, ஜெட் விமானங்கள் நேராக வந்திறங்கத் தொடங்கின.

ஓடுபாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் மிர் சுரங்கத்தின் திறந்தவெளிக் குழி இருக்கிறது. 525 மீட்டர் ஆழம், 1,200 மீட்டர் விட்டம். இந்தக் குழிக்கு மேலே பறக்கும் ஹெலிகாப்டர்களைக் குழி உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று இணையத்தில் பல ஆண்டுகளாக ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. குழிக்குள் குளிர்காற்று தங்குவதால் மேலே காற்றோட்டம் சற்றுக் குழம்பலாம். ஆனால் விமானத்தை விழுங்கும் வாய் எதுவும் அங்கே இல்லை. அப்படி இருந்திருந்தால் அதன் பக்கத்திலேயே ஒரு விமான நிலையத்தை வைத்துக்கொண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளியிருக்க முடியுமா என்று அந்தக் கதையைப் பகிர்பவர்கள் யோசிப்பதில்லை. திறந்தவெளித் தோண்டல் 2001இல் நின்றது. 2009 முதல் குழிக்கு அடியில் சுரங்க வழியாகத் தோண்டினார்கள். 2017 ஆகஸ்டில் குழியில் தேங்கியிருந்த தண்ணீர் சுரங்கத்துக்குள் புகுந்து 8 தொழிலாளர்கள் மாண்டதோடு அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. நகரத்தின் வருவாய் இப்போது மற்ற சுரங்கங்களிலிருந்து வருகிறது. அவற்றில் முக்கியமான உதாச்னி, மிர்னிக்கு வடக்கே சாலைவழி 500 கிலோமீட்டருக்கு அப்பால், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி இருக்கிறது. உதாச்னிக்கான விமான நிலையத்தின் பெயர் பல்யார்னி, அதாவது 'துருவத்தினது'.

சோவியத் ஒன்றியம் சிதறியதும் ஏரோஃப்ளாட் நூற்றுக்கணக்கான துண்டுகளாயிற்று. ஓடுபாதையும் நாலைந்து பழைய விமானங்களும் இருந்த ஊரெல்லாம் தனக்கென ஒரு விமான நிறுவனத்தைப் பெற்றுக்கொண்டது. பயணிகள் எண்ணிக்கை சரிந்தது, எரிபொருள் விலை ஏறியது, இத்தகைய 'குட்டி ஏரோஃப்ளாட்'களில் மிகப் பல சில ஆண்டுகளிலேயே மறைந்தன. மிர்னிப் பிரிவு தப்பியதற்கு ஒரே காரணம், அதைத் தாங்கிக்கொள்ள ஒரு பணக்காரப் பெற்றோர் இருந்ததுதான். 1992இல் யாகுத்தல்மாஸ் அமைப்பின் வாரிசாக உருவான அல்ரோசா வைர நிறுவனம், வெட்டப்படாத வைர உற்பத்தியில் உலகின் கால் பங்குக்கும் மேல் தன் கையில் வைத்திருந்தது. விமானப் பிரிவு அதன் குடைக்குள் வந்து, அதன் பெயரையே சூடிக்கொண்டு, பிற்காலத்தில் துணை நிறுவனமாகத் தனித்து நின்றது. தாய் நிறுவனத்தின் பங்குகளில் 33 விழுக்காடு ரஷ்யக் கூட்டரசிடமும், 25 விழுக்காடு சாகா குடியரசிடமும், 8 விழுக்காடு வைரம் கிடைக்கும் மாவட்டங்களிடமும் இருக்கின்றன. ஆக, ஊரில் வேலை தருபவர், அந்த ஊரின் மாவட்ட நிர்வாகம், பயணச்சீட்டு விற்பவர் என்ற மூவரும் ஏதோ ஒரு வகையில் ஒரே குடும்பம். பெயரில் ஒன்றுபோல் தோன்றும் அல்ரோசா-ஆவியா என்பது வேறொரு நிறுவனம். மாஸ்கோவைச் சார்ந்து அதிகாரிகளுக்கான சிறு விமானங்களை இயக்கியது. இரண்டையும் குழப்பி எழுதுபவர்கள் உண்டு.

இந்த அமைப்பு விமான நிறுவனத்தின் அன்றாட வேலையையும் வேறு விதமாக்கிவிட்டது. நகரப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் நிறுவனம் இருக்கைகளை நிரப்புவதைப் பற்றித்தான் முதலில் கவலைப்படும். மிர்னியில் இருக்கையை நிரப்பும் ஆள் யார் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்த விஷயம். சுரங்கங்களிலும் எண்ணெய், எரிவாயு வயல்களிலும் 'வாஃக்தா' என்னும் முறைப்படி, சில வாரம் வேலை சில வாரம் ஓய்வு என்று சுழலும் தொழிலாளர்களை நாட்டின் பிற பகுதிகளிலிருந்து கொண்டுவந்து கொண்டுபோக வேண்டும். அத்துடன், தூர வடக்குப் பகுதியில் வேலை செய்பவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுமுறைக்குச் சென்றுவரும் செலவை வேலை தருபவரே ஏற்க வேண்டும் என்று ரஷ்யத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. சோவியத் காலத்திலிருந்து தொடரும் இந்தச் சலுகையால், வைர நிறுவனம் தன் ஊழியருக்குத் தரும் பயணப் பணத்தில் கணிசமான பங்கு தன் விமான நிறுவனத்துக்கே திரும்பி வந்துசேரும். இடப்பக்கச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வலப்பக்கப் பையில் போடுவது போன்ற இந்த ஏற்பாடு சந்தைப் பொருளாதாரத்தின் இலக்கணத்துக்குப் பொருந்தாதுதான். ஆனாலும் ஊர் காலியாகாமல் இருக்க அது உதவியிருக்கிறது.

மாஸ்கோ, நோவசிபீர்ஸ்க், இர்கூத்ஸ்க், கிரஸ்நயார்ஸ்க், யாகூத்ஸ்க் போன்ற நகரங்களுக்குப் பெரிய விமானங்கள். லென்ஸ்க், பல்யார்னி போன்ற அருகிலுள்ள ஊர்களுக்கு அன்-24 ரகச் சிறு விமானங்கள். ஓடுபாதையே இல்லாத இடங்களுக்கு மி-8 ஹெலிகாப்டர்கள். கனரகச் சரக்குக்கு ஐஎல்-76. இப்படி ஒரு நடுத்தர நிறுவனத்தின் கொட்டகையில் நான்கைந்து வெவ்வேறு ரகங்கள் நின்றன. 27 இருக்கை கொண்ட அன்-38 என்ற அரிய விமானத்தையும் அல்ரோசா இயக்கியது. மொத்தமே விரல்விட்டு எண்ணும் அளவில் தயாரான அந்த ரகத்துக்கு உலகில் இருந்த வாடிக்கையாளர்களே ஓரிருவர்தான். ரகம் கூடக்கூட உதிரிப்பாகமும் பயிற்சியும் செலவும் கூடும். எந்த விமானப் பொருளாதார நிபுணரும் இதைப் பரிந்துரைக்க மாட்டார். மிர்னியில் வேறு வழியில்லை. நோயாளியை ஏற்றிவரவும், காட்டுத்தீயைக் கண்காணிக்கவும், புவியியல் குழுவுக்கு உணவு இறக்கவும் அழைக்கக்கூடிய இன்னொரு நிறுவனம் பக்கத்து ஊரில் இல்லை.

குளிரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையை விளக்க முடியாது. மிர்னியில் குளிர்காலம் சுழியத்துக்குக் கீழே 40 பாகையைச் சாதாரணமாகத் தொடும். 50ஐத் தாண்டும் நாள்களும் உண்டு. இரவு முழுதும் வெளியே நின்ற விமானத்தின் எஞ்சின் எண்ணெய் பாகுபோல் இறுகியிருக்கும். அதனால் புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே சூடேற்றும் வண்டி ஒன்று அருகே வந்து நிற்கும். யானைத் தும்பிக்கை போன்ற தடித்த துணிக் குழாய்களின் வாயை எஞ்சின் கூட்டுக்குள் செருகி, வெப்பக் காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். எஞ்சின்மேல் கனத்த மெத்தை போன்ற உறை போர்த்தியிருக்கும். உலோகத்தை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொண்டு சிறு திருகாணியைக் கழற்றுவது இன்னொரு சோதனை. பறக்கத் தொடங்கிவிட்டால் இதே குளிர் நன்மையும் செய்யும். காற்று அடர்த்தியாக இருப்பதால் சிறகுக்குத் தூக்குவிசையும் எஞ்சினுக்கு உந்துவிசையும் கூடும். கோடையில் தொல்லை வேறு விதமாக வரும். காட்டுத்தீயின் புகை வானத்தை மூடி, 2021இல் தலைநகர் யாகூத்ஸ்கின் விமான நிலையமே சேவையை நிறுத்திவைக்க நேர்ந்தது. இவற்றோடு, ஓடுபாதைக்கு அடியில் இருப்பது உறைநிலம். வெயிலில் சூடேறும் கான்கிரீட்டும் ஓரங்களில் தேங்கும் நீரும் அதை மெல்ல உருக்க, தளம் ஆங்காங்கே அமிழ்ந்துவிடும். பழுதுபார்ப்பு ஓயாத வேலை.

டியு-154 இந்தச் சூழலுக்கு ஏற்ற விமானமாக இருந்தது. அதன் பிரதான சக்கரத் தொகுதி ஒவ்வொன்றிலும் மூன்று அச்சுகளில் ஆறு சக்கரங்கள் இருப்பதால் எடை பரவி, சீரற்ற ஓடுபாதையையும் தாங்கிக்கொள்ளும். எஞ்சின்கள் மூன்றும் வாலருகே உயரத்தில் இருப்பதால் தரையிலுள்ள கல்லும் பனிக்கட்டியும் எளிதில் உள்ளே போகாது. தரையில் மின்சார உதவி இல்லாவிட்டாலும் தன் துணை எஞ்சினைக் கொண்டு தானே கிளம்பும். மிர்னியிலிருந்து மாஸ்கோவுக்கு ஒரே மூச்சில் பறக்கும். குறையென்று பார்த்தால், அதே அளவு பயணிகளை ஏற்றும் போயிங் 737ஐ விட ஏறத்தாழ இரு மடங்கு எரிபொருளைக் குடிக்கும். விமானி அறையில் இரண்டு விமானிகளுடன் வழிகாட்டியும் பொறியாளரும் உட்கார வேண்டும். எரிபொருள் விலை ஏறிய காலத்தில் பிற நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு கட்டுபடியாகவில்லை. ஏற்கெனவே கடனின்றிச் சொந்தமாக இருந்த விமானங்களையும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளையும் வைத்திருந்த அல்ரோசாவுக்கு மேலும் சில ஆண்டுகள் கட்டுபடியாயிற்று.

அந்தச் சில ஆண்டுகளுக்கு நடுவில்தான் இஷ்மா சம்பவம் நிகழ்ந்தது. 2010 செப்டம்பர் 7 அதிகாலை, பல்யார்னியிலிருந்து மாஸ்கோவின் டொமொதேதவோ விமான நிலையத்துக்கு 72 பயணிகளும் 9 பணியாளர்களும் கொண்ட அல்ரோசாவின் டியு-154, பதிவெண் ஆர்ஏ-85684, கோமி குடியரசின் காடுகளுக்கு மேல் 10,600 மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. மின்கலத்தில் ஏற்பட்ட கட்டுக்கடங்காத வெப்பப் பெருக்கத்தைத் தொடர்ந்து விமானத்தின் மின்சாரமே போயிற்று. மின்சாரம் போனதென்றால் விளக்கு அணைந்தது என்ற அளவில் இல்லை. வானொலி போயிற்று, வழிகாட்டும் கருவிகள் போயின, குறைந்த வேகத்தில் தரையிறங்க உதவும் சிறகு மடிப்புகளை இறக்கும் வசதியும் போயிற்று. எல்லாவற்றிலும் கொடியது எரிபொருள் பம்புகள் நின்றதுதான். டியு-154இல் எஞ்சின்களுக்கு நேரடியாக எரிபொருள் கொடுப்பது நடுவிலுள்ள ஒரு தொட்டி. சிறகுகளிலுள்ள தொட்டிகளிலிருந்து மின்பம்புகள் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். பம்புகள் நின்றதும் அந்த நடுத் தொட்டியில் இருந்த சுமார் 3,300 கிலோதான் மிச்சம். அது அரை மணி நேரப் பறத்தலுக்குத்தான் வரும். சிறகுகளில் டன் கணக்கில் எரிபொருள் இருந்தும் ஒரு சொட்டு எடுக்க முடியாமல், நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தாகத்தில் தவிப்பதுபோல் ஆயிற்று.

விமானிகள் யெவ்கேனி நவசெலோவும் ஆந்த்ரேய் லமானோவும் மேகத்துக்குக் கீழே இறங்கினார்கள். விமானம் சாய்கிறதா என்று பார்க்க ஒரு குவளை நீரை முன்னே வைத்துக்கொண்டார்கள் என்று அப்போதைய செய்திகள் எழுதின. ஆற்றிலோ சதுப்பிலோ இறக்க வேண்டியதுதான் என்ற நிலையில், காட்டுக்கு நடுவே நேர்க்கோடாக ஒரு கான்கிரீட் பட்டை கண்ணில் பட்டது. அது இஷ்மா என்ற ஊரின் கைவிடப்பட்ட விமான நிலையம். 2003க்குப் பிறகு விமானம் எதுவும் வராமல், ஹெலிகாப்டர்கள் மட்டும் இறங்கும் தளமாகச் சுருங்கிப்போன இடம். ஓடுபாதையின் நீளம் 1,325 மீட்டர். டியு-154 இறங்க 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். அதுவும் மடிப்புகள் இறங்கியிருந்தால். மடிப்பு இல்லாத சிறகு விமானத்தைத் தாங்க வேண்டுமானால் வேகம் மிகவும் கூடுதலாக இருந்தாக வேண்டும். வழக்கமாக மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் இறங்கும் விமானத்தை 350க்கும் மேலான வேகத்தில் இறக்க வேண்டியிருந்தது. இரண்டு முறை தாழப் பறந்து பார்த்துவிட்டு, மூன்றாம் முறை சக்கரங்களைத் தரையில் பதித்தார்கள். ஓடுபாதை முடிந்த பிறகும் 160 மீட்டருக்கு மேல் ஓடி, இளமரங்களை முறித்துக்கொண்டு விமானம் நின்றது. காற்றடைத்த சறுக்குகளில் இறங்கிய 81 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

இந்த இடத்தில் விமானிகளுக்கு நிகராக இன்னொருவரைச் சொல்ல வேண்டும். அந்தத் தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த செர்கேய் சோத்னிகோவ், விமானங்கள் வராது என்று முடிவான பிறகும் ஓடுபாதையில் புதர் மண்டவிடாமல், மரக்கட்டைகளை அடுக்கவோ வண்டிகளை நிறுத்தவோ யாரையும் அனுமதிக்காமல், பனியையும் குப்பையையும் அகற்றி வந்தார். அப்படிச் செய்யும்படி யாரும் அவருக்கு உத்தரவிடவில்லை. சோவியத் காலத்தில் ரஷ்யாவில் ஆயிரத்துக்கும் மேல் இருந்த விமானத் தளங்கள் அதன் பிறகு இருநூற்றுச் சொச்சமாகக் குறைந்த வரலாற்றில், இஷ்மாவும் மூடப்பட்டவற்றின் பட்டியலில் ஒரு வரி. மூடப்பட்ட தளத்தின் ஓடுபாதையைப் பேணுவதற்கு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் தலைப்புக் கிடையாது. நவசெலோவுக்கும் லமானோவுக்கும் 'ரஷ்யக் கூட்டரசின் வீரர்' என்ற உயரிய பட்டமும், மற்றப் பணியாளர்களுக்கு வீரத்துக்கான விருதும் கிடைத்தன. சோத்னிகோவுக்கும் பிற்பாடு அரசுப் பதக்கம் வந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் அந்த விமானத்தைக் காட்டிலேயே வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள் என்றுதான் பலரும் எண்ணினார்கள். அல்ரோசா அப்படிச் செய்யவில்லை. குளிர்காலத்தில் அங்கேயே பழுதுபார்த்து, தேவையில்லாத எடையையெல்லாம் இறக்கி, 2011 மார்ச் 24 அன்று அதே குட்டை ஓடுபாதையிலிருந்து அதைப் பறக்கவைத்தார்கள். சமாரா நகரிலுள்ள விமான ஆலைக்குப் போய் முழுப் பழுதுபார்ப்பு முடித்துத் திரும்பிய விமானம் 2018 வரை பயணிகளைச் சுமந்தது. இப்போது நோவசிபீர்ஸ்கின் தல்மச்சோவா விமான நிலையத்தில் காட்சிக்கு நிற்கிறது. விமானத்தைக் காப்பாற்றியதில் விளம்பர நோக்கம் இல்லாமல் இல்லை. எனினும் அந்த முடிவில் அந்நிறுவனத்தின் மனப்போக்கும் தெரிகிறது: மாற்று விமானம் எளிதில் கிடைக்காத இடத்தில், கையில் இருப்பதைச் சரிசெய்துகொள்வதே பழக்கம். மின்கலக் கோளாறு ஏன் முன்கூட்டியே கண்டறியப்படவில்லை என்ற கேள்வி, வீரப் பதக்கங்களின் ஒளியில் பொதுவெளியில் சற்று மங்கிப்போயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய விமானங்களுக்குப் பதிலாக நிறுவனம் தேர்ந்தது போயிங் 737. 2019 மே மாதத்தில் அல்ரோசாவின் டியு-134 ஓய்வுபெற்று, அதுவும் நோவசிபீர்ஸ்க் காட்சித் திடலுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு டியு-154. எரிபொருள் செலவு குறைந்தது, விமானி அறையில் நால்வருக்குப் பதில் இருவர் போதும் என்றாயிற்று. 2020இல் எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது. ஈராண்டு முடிவதற்குள் அது தலைகீழாயிற்று. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து விதிக்கப்பட்ட தடைகளால், மேற்கத்திய விமானங்களுக்கு உதிரிப்பாகமும் தொழில்நுட்ப உதவியும் ரஷ்யாவுக்கு நேர்வழியில் வருவது நின்றது. தாய் நிறுவனமான அல்ரோசாவே 2022இல் அமெரிக்கத் தடைப்பட்டியலில் சேர்ந்தது. 2024 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியமும் அதைச் சேர்த்தது, ரஷ்ய வைரங்களுக்கு ஜி-7 நாடுகளின் சந்தை மூடத் தொடங்கியது. ஒரே நேரத்தில் விமானத்துக்கு உதிரிப்பாகமும், விமானத்தைத் தாங்கும் கருவூலத்துக்கு வருவாயும் அடிவாங்கின.

சிறு விமானங்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. உள்ளூர்த் தடங்களில் நெடுங்காலம் உழைத்த அன்-24, 1959இல் முதன்முதலாகப் பறந்த வடிவம். சோவியத் நாட்டில் அதன் உற்பத்தி 1979இல் நின்றது. அதை வடிவமைத்த அன்டோனோவ் நிறுவனம் உக்ரைனில் இருக்கிறது என்பதால், 2014க்குப் பிறகு வடிவமைப்பாளரின் ஆதரவும் கிடைப்பதில்லை. இதன் விலை என்ன என்பதை இர்கூத்ஸ்கைச் சார்ந்த அங்காரா விமான நிறுவனத்தின் வரலாற்றில் காணலாம். 2011இல் அதன் அன்-24 ஓப் ஆற்றில் இறங்கியபோது 7 பேர் இறந்தனர். 2019இல் நீஷ்னியாங்கார்ஸ்கில் ஓடுபாதையை விட்டு விலகிக் கட்டடத்தில் மோதியபோது விமானிகள் அறையில் இருவர் இறந்தனர். 2025 ஜூலை 24 அன்று, 1976இல் தயாரான இன்னொரு அன்-24 தீந்தா நகரை நெருங்கும்போது மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த 48 பேரும் மாண்டனர். அதே ஆண்டு நவம்பரில் அந்நிறுவனத்தின் உரிமம் ரத்தாயிற்று. உரிமத்தை ரத்து செய்வது எளிது. அந்த நிறுவனம் மட்டுமே போய்வந்த ஊர்களுக்கு அடுத்த நாள் யார் போவது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

அன்-24க்கு மாற்றாகச் சொல்லப்படும் ஐஎல்-114-300 விமானத்தின் முன்மாதிரி 2020 டிசம்பரிலேயே பறந்தது. சான்றிதழும் தொடர் உற்பத்தியும் தள்ளித் தள்ளிப் போயின. அன்-2க்கு மாற்றாக அறிவிக்கப்பட்ட பைக்கால் என்ற சிறு விமானத்தின் கதையும் அதுவே. ரஷ்யாவின் தூரக் கிழக்குக்கு அரோரா என்ற விமான நிறுவனத்தை மையமாக வைத்து ஒரு கூட்டு விமான அமைப்பை 2021இல் அரசு ஏற்படுத்தியது. அது கட்டணச் சலுகைக்கும் தட ஒருங்கிணைப்புக்கும் உதவலாம். தொழிற்சாலையிலிருந்து வராத விமானத்தைக் கூட்டமைப்பால் உருவாக்கித் தர முடியாது.

மிர்னியைப் பொறுத்தவரை இனி முக்கியமான முடிவு விமானக் கொட்டகைக்கு வெளியே எடுக்கப்படவிருக்கிறது. 2017இல் மூழ்கிய மிர் சுரங்கத்தை, இன்னும் ஆழத்தில் புதிதாகத் துளைத்து 2030களில் திறக்கும் மிர்-குளுபோக்கி என்ற திட்டம் தாய் நிறுவனத்தின் மேசையில் இருக்கிறது. வைர விலை தாழ்ந்து, சந்தை சுருங்கியுள்ள இந்த நேரத்தில் அதற்கான பணம் எவ்வளவு வேகத்தில் ஒதுக்கப்படுகிறதோ அவ்வளவு வேகத்தில்தான் துளையிடுபவர்களும் பொறியாளர்களும் மிர்னிக்கு வந்து இறங்குவார்கள். அவர்களின் இயந்திரங்கள் லேனா ஆற்றில் படகேறி லென்ஸ்க்குக்கு வரும். அவர்களோ குழியின் பக்கத்திலுள்ள அதே ஓடுபாதையில், அன்றைக்குப் பறக்கும் நிலையில் எந்த விமானம் இருக்கிறதோ அதில் வந்துசேர்வார்கள்.